செவ்வாய்க்கிழமை காலையில் நாம் எங்கே இருப்போம்?

போன இதழில் ஒரு வாசகர், "பாதியில் நின்றுபோன விடுமுறைப் பயணம் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். 2020 ஆகஸ்டில், வேலை நிமித்தம் நாங்கள் அமெரிக்காவில் இருந்தபோது, என் மைத்துனனின் 31 அடி பாய்மரப் படகில் மேரிலாந்தின் செசபீக் வளைகுடாவில் ஐந்து நாள் சுற்றக் கிளம்பி, ஈசாயாஸ் புயல் வருகிறது என்றதும் வை நதியில் ஒரு சின்னக் கழிக்குள் (நதியிலிருந்து கிளை பிரிந்து உள்ளே போகிற குறுகலான நீர்வழி) போய் இரண்டு இரவு ஒளிந்து கிடந்த கதையைப் பத்துப் பதினைந்து வரியில் சொல்லி முடித்துவிட்டேன். முடிந்தது என்று நினைத்தால், கடிதம் மேல் கடிதம். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

வாசகி, கோயம்புத்தூர்: இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு கழிக்குள் ஒளிந்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். படகைக் கரையில் கட்டிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?

பெருமையாகவா எழுதினேன்? எழுதியிருப்பேன், மன்னிக்கவும். வந்த கடிதங்களிலேயே சரியான கேள்வி உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சனிக்கிழமை, ஆகஸ்ட் 1, அனாபொலிஸ் பக்கத்திலிருந்து கிளம்பினோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், மைத்துனன். அன்றைக்குப் புயல் பகாமாஸ் தீவுகள் பக்கம் இருந்தது, எங்களிடமிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் போல தூரம். ஞாயிறு மாலை செயின்ட் மைக்கேல்ஸ் என்ற ஊரில் நங்கூரம் போட்டோம். திட்டப்படி திங்கள் ஆக்ஸ்ஃபோர்டு, செவ்வாய் சாலமன்ஸ் தீவு, அதாவது தெற்கே, அதாவது புயல் வருகிற திசையைப் பார்த்து. நானும் மைத்துனனும் ஒரு மணி நேரமாகக் கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் அது வடக்கே திரும்புமா, கிழக்கே விலகிவிடுமா, வலுவிழக்குமா என்று பேசிக்கொண்டே இருந்தோம். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் கடைசி ஓவரில் பேசுவது போலத்தான், எல்லாம் நமக்குச் சாதகமாகவே நடக்கும் என்ற கணக்கில். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அது எங்க போகும்ங்கறது இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை காலைல நாம எங்க இருப்போம்?"

இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் வேலையில் இறங்கினோம் என்று சொல்ல வேண்டும்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று நீங்கள் சொன்னது, திங்கள் காலையிலேயே வளைகுடாவைக் கடந்து வீடு திரும்புவது. ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் எங்கள் படகுத்துறை கிழக்கு பார்த்தது, புயலின் முதல் காற்று நேராக அதற்குள்தான் அடிக்கும். படகைத் தூக்கிக் கரையில் வைக்க முடியுமா என்று போன் செய்து கேட்டால், கிரேனுக்கு வரிசை நிரம்பிவிட்டது என்றார்கள். இன்னொன்று, இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய வை நதி. அங்கே படகு பத்திரம், ஆனால் நாமும் படகோடு இருக்க வேண்டும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். காரணம், எதிர்பார்த்த காற்று மணிக்கு எண்பது தொண்ணூறு கிலோமீட்டர்தான், அதுவும் புயல் வேகமாக நகர்வதால் சில மணி நேரம்தான் அடிக்கும் என்பது முன்னறிவிப்பு. இதுவே முழுச் சூறாவளியாக, 119 கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்லியிருந்தால், படகு எப்படியும் போகட்டும் என்று விட்டுவிட்டு ஐந்து பேரும் கரையேறியிருப்போம். அப்படி நடந்திருக்கும் என்று மனைவி சார்பில் உறுதி தருகிறேன், என் சார்பில் தருவதைவிட அது மதிப்புள்ளது. இன்றைக்கு அதே நிலைமை வந்தால்? குழந்தைகளையும் அவளையும் செயின்ட் மைக்கேல்ஸிலேயே இறக்கி வாடகைக் காரில் அனுப்பிவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கழிக்குப் போயிருப்போம். அங்கே சாலை இருந்தது, கார் கிடைத்திருக்கும், அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: போயிருக்கலாம்.

வாசகர், நாகப்பட்டினம்: எங்கள் ஊரிலும் கடுவையாற்றுக்குள்தான் விசைப்படகுகளைக் கட்டுகிறோம். கஜா அடித்தபோது ஆற்றுக்குள் இருந்த படகுகளும் தப்பவில்லை. கழிக்குள் போனால் பத்திரம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. கழிக்குள் போனால் பத்திரம் என்பது பாதி உண்மை. எந்தக் கழி, எந்தத் திசைக் காற்று, எவ்வளவு தண்ணீர் ஏறும், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் முழுசு.

செசபீக் கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர் நீளம், ஆனால் சராசரி ஆழம் 21 அடிதான். ஆழம் இல்லாத இடத்தில் அலை உயரமாக இருக்காது, அதற்குப் பதில் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வரும். சின்னப் படகை மேலும் கீழும் குத்திக் குத்தியே களைக்க வைத்துவிடும். அலை வளர வேண்டுமானால் காற்று ஓட வெட்டவெளித் தண்ணீர் வேண்டும். ஒரு கழியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நூற்றைம்பது மீட்டர்தான் என்றால், எவ்வளவு காற்றடித்தாலும் தண்ணீர் சுருக்கம் விழுவதோடு சரி. இரண்டு பக்கமும் உயரமான மரம் இருந்தால் காற்றே தலைக்கு மேல் போய்விடும். வை நதியை நாங்கள் பிடித்தது இதற்காகத்தான்: உள்ளே போகப் போக வளைவு, வளைவுக்கு அப்புறம் இன்னொரு வளைவு, எந்தத் திசைக்குக் காற்று மாறினாலும் முழுநீளத்துக்கு நம்மேல் ஓடிவர இடமில்லை. அடியில் நல்ல சேறு.

தண்ணீர் ஏறுவதுதான் உங்கள் கேள்வியின் உயிர். 2003 செப்டம்பர் 18 அன்று வட கரோலினாவில் கரையேறிய இசபெல் புயல் செசபீக்கின் மேற்கே போனது. நம் பாதியில், பூமத்தியரேகைக்கு வடக்கே, புயல் இடஞ்சுழியாகச் சுற்றும் என்பது உங்களுக்குத் தெரியும். மையம் மேற்கே போனால் வளைகுடாவுக்குக் கிடைப்பது வலப்பக்கக் காற்று, தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிற காற்று. கடல் தண்ணீரைப் புனலில் ஊற்றுவது போல மேலே மேலே அடைத்துவிட்டது. வளைகுடாவின் தலைப்பகுதியில் 6 முதல் 8 அடி வரை ஏறியது, அனாபொலிஸ் நகரத் தெருக்களிலும் அங்கே இருக்கிற கடற்படை அகாடமிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கழிக்குள் பத்திரமாக இருந்த படகுகளே, கட்டியிருந்த கம்பத்துக்கு மேலே மிதந்து போய் யார் வீட்டுப் புல்வெளியிலோ உட்கார்ந்தன. காற்றிலிருந்து தப்பலாம், ஏறுகிற தண்ணீருக்கு இடம் விடாமல் கயிற்றை இழுத்துக் கட்டினால் அந்தக் கயிறே படகை முழுக வைக்கும். இதுவே புயல் எதிர்ப்பக்கமாகப் போனால் கதை தலைகீழ்: 2017-ல் இர்மா போனபோது ஃபுளோரிடாவின் டாம்பா வளைகுடாவில் தண்ணீரைக் காற்று வெளியே தள்ளிவிட, ஜனங்கள் கடலடித் தரையில் நடந்து போய்ப் பார்த்தார்கள்.

வாசகர், சென்னை: நம் துறைமுகங்களில் ஒன்றாம் எண் முதல் பதினொன்றாம் எண் வரை கூண்டு ஏற்றுவார்கள். அங்கே?

கொடி. ஒற்றைச் சிவப்பு முக்கோணக் கொடி என்றால் சின்னப் படகுகள் ஜாக்கிரதை. இரண்டு முக்கோணம் என்றால் 34 நாட், அதாவது மணிக்கு 63 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கறுப்புச் சதுரம் உள்ள ஒரு சிவப்புச் சதுரக் கொடி 48 நாட்டுக்கு மேல், அதே கொடி இரண்டு என்றால் 64 நாட்டும் அதற்கு மேலும், சூறாவளி. இப்போது கொடியைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் குறைவு. படகில் இருக்கிற வி.எச்.எஃப். ரேடியோவில் வானிலைக்கென்றே தனி அலைவரிசைகள், இருபத்து நான்கு மணி நேரமும் ஓர் இயந்திரக் குரல் வாசித்துக்கொண்டே இருக்கும். என் மகன் அந்தக் குரலை அப்படியே மிமிக்ரி செய்யப் பழகிவிட்டான், திங்கள் இரவு அது யாருக்கும் சிரிப்பாக இல்லை.

நம்ம கூண்டு முறை ஒரு விஷயத்தில் எனக்கு உசத்தியாகப் படுகிறது: சில எண்கள் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். மேலே சொன்ன இசபெல் கதையைப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

வாசகர், மதுரை: கடலையே நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு கொக்கி எப்படி அவ்வளவு பெரிய படகைப் புயலில் பிடித்து வைக்கும்? கல் மாதிரி கனமாக இருக்குமா?

எங்கள் நங்கூரத்தை என் மகளே ஒரு கையால் தூக்கிவிட்டாள். கனம் அல்ல, சாய்வுதான் விஷயம். மண்வெட்டியைத் தரையில் செருகிவிட்டுக் காம்பைத் தரையோடு தரையாக இழுத்துப் பாருங்கள், இன்னும் ஆழமாகப் புதையும். அதே காம்பை மேல்நோக்கித் தூக்குங்கள், சுலபமாக வந்துவிடும். நங்கூரமும் அவ்வளவுதான். ஆகவே கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடி.

கணக்கை மைத்துனன் பழைய ரசீதின் பின்பக்கம் போட்டுக் காட்டினான். அடியாழம் 8 அடி. படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே 4 அடி. புயலில் தண்ணீர் ஏறுவதற்கு ஒரு 3 அடி. ஆக 15. சாதாரண நாளில் ஏழு மடங்கு கயிறு போதும், புயலுக்குப் பத்து மடங்கு, அதாவது 150 அடி. பாதிப் பேர் தப்புச் செய்வது இங்கேதான், தண்ணீரின் ஆழத்தை மட்டும் பெருக்கி, எட்டு ஏழு ஐம்பத்தாறு என்று விட்டுவிடுவார்கள். இன்னொன்று, காற்றின் வேகம் மூன்று மடங்கானால் படகின் மேல் விழும் தள்ளு மூன்று மடங்கு ஆகாது, ஒன்பது மடங்கு ஆகும். நேற்று இருபது நாட்டில் அசையாமல் பிடித்ததே என்று அறுபது நாட்டுக்கு அதை நம்பக் கூடாது.

அறுந்து போகிற இடமும் பெரும்பாலும் நடுக்கயிறு இல்லை, கயிறு படகின் விளிம்பில் உரசுகிற அந்த நாலு அங்குலம்தான். இரவு முழுக்கப் படகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும், கயிறு ரம்பம் அறுப்பது போல அறுபடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பழைய ரப்பர் குழாய் ஒரு முழம், நீளவாக்கில் பிளந்து, கயிற்றின் மேல் சுற்றிக் கட்டியிருந்தோம். அதிகாலை மூன்று மணிக்கு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு தவழ்ந்து போய்ப் பார்த்தேன்: குழாய் ஒரு விரல் அகலத்துக்கு நகர்ந்து, வெளியே வந்த கயிறு பூனை முடி மாதிரி சிலும்பியிருந்தது. குழாயை இழுத்துவிட்டு, ஒரு சாண் கயிறு கூடுதலாக விட்டேன், உரசும் இடம் மாறட்டும் என்று. அந்த இரவில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான்.

வாசகர், தூத்துக்குடி: புயல் என்றால் துறைமுகத்தில் இருக்கிற பெரிய கப்பல்களை வெளிக்கடலுக்குப் போகச் சொல்கிறார்கள். நீங்களோ உள்ளே ஓடுகிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. கப்பலுக்கு எதிரி கடல் அல்ல, கரை. துறைமுகத்துக்குள் சுவரில் மோதியே உடைவதைவிட, ஆழ்கடலில் எந்தப் பக்கம் தள்ளினாலும் மோத ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்கு லாபம். இசபெல் வந்தபோது நார்ஃபோக் தளத்திலிருந்து அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் முன்னதாகவே கடலுக்குக் கிளம்பிவிட்டன. ஆனால் அந்தக் கப்பலுக்கு வேகம் இருக்கிறது, ஒரு நாளில் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் படகு முழு இன்ஜின் வைத்து மணிக்குப் பத்து கிலோமீட்டர் போகும், சைக்கிளில் பால்காரர் முந்திவிடுவார். ஓடி ஜெயிக்க முடியாதவன் முதலிலேயே ஒளிய வேண்டும்.

சின்னப் படகுக்கும் கடலே நல்லது என்கிற நேரம் ஒன்று உண்டு. புயல் பிடித்துவிட்டது, துறைமுக வாயில் குறுகல், அலை அதன் குறுக்கே உடைகிறது, காற்று நம்மைக் கரை நோக்கித் தள்ளுகிறது என்றால், பத்திரம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று அந்த வாயிலுக்குள் பாய்வதுதான் ஆபத்து. வெளியே, கரையை விட்டு விலகி நின்று சமாளிப்பதே மேல். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தை இங்கே சொல்ல வேண்டும். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுக்கடலில் 303 பாய்ப்படகுகள் புயலில் மாட்டின, போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப்போன படகுகள் 24. அதில் முழுகியவை 5 மட்டும்தான், மீதி பிறகும் மிதந்துகொண்டிருந்தன. உயிர் காக்கும் ரப்பர் தெப்பத்தில் ஏறுகிறவன் கீழே இறங்கி ஏறக் கூடாது, மேலே ஏறி ஏற வேண்டும் என்று பழைய மாலுமிகள் சொல்வார்கள், அதாவது படகு அந்த அளவுக்குத் தாழ்ந்த பிறகுதான் அதை விட வேண்டும்.

வாசகி, டொராண்டோ: கோடையில் ஒன்டாரியோ ஏரியில் என் தம்பியின் பாய்ப்படகில் போகிறோம். ஏரிதானே, புயல் என்ன செய்யும் என்கிறான்.

தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஏரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்குக் கடல் என்று வைத்திருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும். உங்களுக்கு நாலு நாள் முன்னால் பெயர் சொல்லி வருகிற புயலைவிட, மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து திடீரென்று வருகிற இடிமழைக் காற்றுதான் வில்லன். அடிவானத்தில் கருநீலமாக ஒரு அலமாரித் தட்டு மாதிரி மேகம், அப்புறம் காற்று ஒரு நிமிடம் செத்துப்போகும், அப்புறம் குளிர்ந்த காற்று முகத்தில் அறையும். அந்த அறைக்கு முன்னால் பாய் கீழே இறங்கியிருக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டியிருக்க வேண்டும். பாயைக் குறைக்கலாமா என்று மனசில் தோன்றுகிற முதல் நொடியிலேயே குறைத்துவிடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது என்றால் பத்து கிலோமீட்டர், அதுவே நெருக்கம்தான். குழந்தைகளை உள்ளே உட்கார வையுங்கள், பாய்மரத்தையும் இரும்புக் கம்பிகளையும் தொடாமல். துறைமுகம் அரை மணி தூரம், மழை பத்து நிமிட தூரம் என்றால் துறைமுகத்தை மறந்துவிட்டு ஏரியின் நடுப்பக்கமாக இடம் வைத்துக்கொள்ளுங்கள், இருபது முப்பது நிமிடத்தில் பெரும்பாலும் கடந்துவிடும்.

வாசகர், பினாங்கு: கரீபியன் தீவுகளில் 'ஹரிக்கேன் ஹோல்' என்று புயல் ஒதுங்கிடங்கள் உண்டாம். ஜூலையில் விலை மலிவு என்று குடும்பத்தோடு படகு வாடகைக்கு எடுக்க யோசிக்கிறோம். இந்த ஒதுங்கிடங்கள் இருக்கிறதே?

மலிவு ஏன் என்று யோசித்தீர்களா? ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிப் பருவம்.

கிரெனடா நாட்டைச் சேர்ந்த கரியக்கூ என்ற குட்டித் தீவில் டிரெல் பே என்ற விரிகுடா இருக்கிறது. அதன் ஓரத்தில் அலையாத்திக் காடு, அதற்குள் வளைந்து போகிற தண்ணீர். நம்ம பிச்சாவரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அளவில் மட்டும் சின்னது. படகை உள்ளே கொண்டுபோய் நாலு பக்கமும் வேர்களில் சிலந்திவலை மாதிரிக் கட்டிவிட்டால் எந்தப் புயலும் தொடாது என்று பல வருடப் பேர். 2024 ஜூலை 1 அன்று பெரில் அந்தத் தீவின் மேலேயே கரையேறியது, நான்காம் நிலை, மணிக்கு 240 கிலோமீட்டர் காற்று. காட்டில் ஓர் இலை மிச்சமில்லை, உள்ளே ஒதுங்கியிருந்த படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 2017-ல் இர்மா டொர்டோலா தீவின் பரகீட்டா பேயில் அதே கூத்தைக் காட்டியிருந்தது, அங்கே ஒதுக்கி வைத்திருந்தவை பெரும்பாலும் வாடகைப் படகுகள்தான். இப்படிப்பட்ட காற்றில் ஒதுங்கிடம் என்பது உடைந்த படகுகளை ஒரே இடத்தில் தேட வசதி, அவ்வளவுதான். எங்கள் கழி ஈசாயாஸுக்குப் போதுமானது, பெரிலுக்குப் போதாது. நான் உங்களிடத்தில் இருந்தால் பிப்ரவரிக்குக் காசு சேர்ப்பேன்.

வாசகி, ஈரோடு: அதெல்லாம் சரி, இரண்டு நாள் என்ன சாப்பிட்டீர்கள்?

வாழ்க. திங்கள் மத்தியானமே மனைவி குக்கரில் பருப்பும் சோறும் ஒன்றாக வேகவைத்து, புளிக்காய்ச்சலைக் கலந்து பெரிய டப்பாவில் அடைத்துவிட்டாள். புயல் நேரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது விதி. செவ்வாய் காலை ஏழரை மணி இருக்கும், நாலு கைபேசியும் ஒரே நேரத்தில் அலறின, பக்கத்தில் டோர்னடோ எச்சரிக்கை என்று. அந்த ஒரு சத்தத்துக்குத்தான் மகள் அழுதாள், காற்றுக்கு அழவில்லை. கையில் புளிச்சோற்றுக் கிண்ணத்தோடு ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். படகு ஒரு பக்கமாகச் சாயும், கிண்ணம் எல்லாம் சேர்ந்து வழுக்கி வரும், எல்லோரும் காலை நீட்டி நிறுத்துவோம். மகனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மத்தியானம் வெயில் வந்துவிட்டது, புயல் அதற்குள் வடக்கே நியூஜெர்சி பக்கம் போய்விட்டது. இரண்டாவது இரவு காற்றுக்குப் பயந்து தங்கவில்லை, வளைகுடா முழுக்க மரக்கட்டையும் கிளையும் மிதக்கும் என்பதால் தங்கினோம்.

வாசகர், சேலம்: பாய்ப்படகெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு. இதற்குப் போய் பத்துப் பதினைந்து வரியா?

படகு 1980-களில் கட்டியது, மைத்துனன் அதை ஒரு பழைய கார் விலைக்கு வாங்கினான், ரிப்பேருக்குக் கொடுத்ததில் புதுக் கார் வந்திருக்கும். பணக்காரன் ஆகாமல் இருக்க அது நல்ல வழி. கேள்வியில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. எங்களுக்கு அது விடுமுறை, நினைத்தால் திரும்பலாம். நாகப்பட்டினம் வாசகருக்கு அது அன்றாடம்.

வாசகர், மேரிலாந்து: அத்தான், முன்பாயைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னது யார் என்று போன இதழில் எழுதவே இல்லையே?

யார் எழுதியிருக்கிறார் என்று புரிந்திருக்கும். நான்தான் சொன்னேன்.

முன்பாய் அந்தப் படகில் ஒரு கம்பியின் மேல் கோரைப்பாய் சுருட்டுவது போலச் சுருண்டு நிற்கும். புயல் வந்தால் அதை முழுசாகக் கீழே இறக்கி மடித்து உள்ளே வைக்க வேண்டும், இது முதல் பாடம். திங்கள் சாயங்காலம் மைத்துனன் இறக்கலாம் என்றான். எனக்கு முதுகு வலி, பசி, கொசு. இறுக்கமாகத்தானே சுருட்டியிருக்கிறது, ஒரு கயிறு சுற்றினால் போதும் என்றேன். வயதில் மூத்தவன் சொன்னதால் கேட்டுக்கொண்டான். செவ்வாய் காலை, காற்று கிழக்கிலிருந்து மாறுகிற நேரம், மேலே பட் பட் என்று துப்பாக்கி சுடுவது மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் சுருளின் உச்சியில் ஒரு தலையணை அளவுக்குத் துணி வெளியே வந்து காற்றைப் பிடித்துப் புடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இன்னும் ஒரு கை அகலம் பிரியும். அது முழுசாக விரிந்திருந்தால் 150 அடி கயிறு போட்ட நங்கூரமும் எங்களைப் பிடித்திருக்காது.

அவன் ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றால் ஊர்ந்து மூக்குப் பக்கம் போனான். எழுந்து நிற்க முடியாத காற்று. பாய்மரத்திலிருந்து இறங்குகிற ஒரு கயிற்றை அவிழ்த்து, அந்தச் சுருளைச் சுற்றிச் சுற்றி, கீழிருந்து மேலாக, கொடிக்கம்பத்துக்குத் தாள் சுற்றுவது போல எட்டுச் சுற்று சுற்றி இழுத்துக் கட்டினான். ஏழு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது இரண்டு முழங்காலும் தோலுரிந்திருந்தது. அக்காவிடம் சொல்லாதே என்றேன், சொல்லவில்லை. இந்தப் பக்கம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவள் ஒரு முறை படிப்பாள்.